இருபத்தைந்து நிமிட இடைவேளை

ஜூன் 3, செவ்வாய்

இன்று மாலை மாநாட்டுக் குழு வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. தேநீர் இடைவேளை இனி இருபது நிமிடம் அல்ல, இருபத்தைந்து நிமிடம்.

விவாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. நடுவில் எங்களுக்கே தேநீர் வந்து, ஆறி, ஏடு படிந்து, குடிக்கப்படாமல் திரும்பிப் போனது. இருபதுக்கு மேல் ஒரு நொடி கூடாது என்றார் பொருளாளர். ஐந்து நிமிடம் கூடக் கொடுத்தால் ஒவ்வொரு பேராசிரியரும் இன்னொரு பிஸ்கட் எடுப்பார் என்பது அவர் கணிப்பு. ஆய்வுலகில் இவ்வளவு உறுதியான கணிப்பை நான் அதிகம் கண்டதில்லை.

எதிர்த்தரப்பு 'விமானம்'. எங்கள் துறையில் ஒருவருக்கு இந்தப் பெயர். எதைப் பேசினாலும் "நான் அங்க இருந்தப்ப" என்றுதான் தொடங்குவார். அங்கே இருந்தது பத்து மாதம். திரும்பி வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னும் தரையிறங்கவில்லை.

"சார், கான்ஃபரன்ஸ் ஹால்ல நடக்குதுன்னு யாரு சொன்னா? டீ மேசைகிட்டதான் நடக்குது. நான் அங்க இருந்தப்ப முக்கால் மணி நேரம் விடுவாங்க."

"அவங்க பிஸ்கட்டுக்கு யாரு பில் கட்டினாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் பொருளாளர்.

துறைத் தலைவி, "எதுவானாலும் எனக்குச் சரி, அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும்" என்றார். ஆக, நிகழ்ச்சி நிரல் பொறுப்பாளன் என்ற முறையில் முடிவு என் கையில் வந்து நின்றது. இருபத்தைந்துக்குக் கை தூக்கினேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். இடைவேளையின் முதல் பத்து நிமிடம் வரிசையில் போகும். அடுத்த பத்து நிமிடம் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு பேசுவார்கள். அதற்கு மேலும் நேரம் மிஞ்சினால்தான், சுவரோரமாகத் தனியாக நின்று தீயணைப்புக் கருவியின் செய்முறை விளக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவனிடம் ஒருவர் வந்து பேசுவார். அந்த விளக்கத்தை நான் பல மாநாடுகளில் படித்திருக்கிறேன். எங்காவது தீப்பிடித்தால் என்னைக் கூப்பிடலாம்.

ஜூன் 5, வியாழன்

நிகழ்ச்சி நிரல் போட நிர்வாகம் ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறது. அதைத் திறந்து பார்த்தேன். மரியாதையாக மூடினேன். வந்த கட்டுரைச் சுருக்கங்களையெல்லாம் அச்செடுத்து, துண்டு துண்டாக வெட்டி, சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஒரு அமர்வுக்கு நாலு கட்டுரை. நாலும் ஒன்றோடொன்று பேச வேண்டும். குறைந்தது பேசுவதுபோல் தோன்ற வேண்டும். மூன்று கிடைத்துவிடும். நாலாவதுக்குப் பெண் பார்ப்பதுபோல் அலைய வேண்டும்.

எதோடும் சேராத துண்டுகளுக்கு இந்தத் தொழிலில் 'அனாதைகள்' என்று பெயர். மேசையில் இடம் இல்லாததால் அவற்றை எதிர் நாற்காலியில் வைத்திருக்கிறேன்.

சாப்பாடு அடுப்படியில், நின்றபடி. கொஞ்ச நாளைக்குத்தானே.

ஜூன் 8, ஞாயிறு

வாராந்தரப் போன். மகள், மகளின் மகள், பிறகு மனைவி, இந்த வரிசையில். இதுவும் ஒரு நிகழ்ச்சி நிரல்தான். பேத்திக்கு என் பெயர் 'போன் தாத்தா'. இன்னொரு தாத்தா உடம்போடு இருக்கிறாராம்.

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் என்று மனைவி கிளம்பிப் போனாள். இந்த ஜூனோடு இரண்டு வருடம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன?"

"வழக்கமானதுதான்."

"மேசையில உட்கார்ந்து சாப்பிட்டீங்களா, நின்னுக்கிட்டா?"

கேமராவை அப்படித் திருப்பிவிட்டேனா என்ன? இல்லை. அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன."

"சரி, வச்சிடறேன்."

'அப்புறம்' என்றால் இனி ஒன்றும் இல்லை என்று பொருள். அகராதிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் ஒரே சொல்லில் கருத்து அனுப்பியிருக்கிறார்: "ஏன்?" பகல் முழுவதும் யோசித்தேன். அந்தக் கட்டுரைக்கு மட்டும் உரிய கேள்வியாகத் தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

நிறைவுரை நான்தான் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஒருமனது எப்படி வந்தது என்பதும் தெரியும். கடைசி நாள், கடைசி அமர்வு. பாதிப்பேர் பெட்டியோடு விமான நிலையத்தில் இருப்பார்கள். அந்த நேரத்துக்கு வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தலைப்பு என் பழைய பாட்டுதான். கம்பெனிகள் தங்கள் ஆட்களை வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புகின்றன. அனுப்புவது சுலபம். திரும்ப வரவழைப்பதில்தான் கோட்டை விடுகின்றன. இதைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டுக் கண்டறிந்தது இதுதான்: சம்பளத்துக்காக யாரும் திரும்புவதில்லை, வீட்டுக்காகவும் இல்லை. தலைமை அலுவலகம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்த நாற்காலி உனக்கு, இன்ன தேதிக்கு வா என்றால் திரும்புகிறார்கள். "உங்கள் வசதிப்படி வாருங்கள்" என்ற மரியாதையான கடிதம் கிடைத்தவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். பன்னாட்டு மேலாண்மைப் பேராசிரியராகிய என் பாஸ்போர்ட் காலாவதியாகி ஆறு வருடம் ஆகிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜூலை 4, வெள்ளி

விமானம் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கட்டுரை சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில் விழுந்திருக்கிறது என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், மத்தியானம் ரெண்டு மணிக்கு என்னைப் போட்டா நான் யாருக்குப் பேசறது? தூங்கறவங்களுக்கா?"

"தூங்கறவங்க எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டாங்களே."

கொஞ்சம் யோசித்தார். அது சரிதான் என்று பட்டது போலும். உட்கார இடம் தேடினார். ஒரு நாற்காலியில் நான், ஒன்றில் அனாதைகள், மற்ற இரண்டில் கோப்புகள். சிறிது நேரம் நின்றார்.

"மேடம் எப்ப சார் வர்றாங்க?"

"அவங்க வசதிப்படி."

"நல்லது சார்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

போன். வரிசை மாறியது. முதலில் மனைவி.

"நான் அடுத்த மாசம் வர்றேன். பாஸ்போர்ட் முடியப் போகுது, புதுப்பிக்கணும். ரெண்டு வாரம்."

"எப்போ?"

"பத்தொன்பது வந்து இறங்கறேன். இருபத்தொண்ணு பகல் பதினொண்ணே முக்காலுக்கு பாஸ்போர்ட் ஆபீஸ்ல நேரம் வாங்கியிருக்கேன். செப்டம்பர் ரெண்டு திரும்பறேன்."

மாநாடு இருபது முதல் இருபத்திரண்டு வரை. சொன்னேன்.

"தெரியும். உங்க மாநாட்டுக்கு நான் என்ன குறுக்கே நிக்கப் போறேனா?"

"வண்டி அனுப்பறேன்" என்றேன். அதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

போனை வைத்ததும் வருகைப் பட்டியலில் அவளைச் சேர்த்தேன், வண்டி போக வேண்டுமே. 'வகை' என்ற கட்டத்தில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கட்டுரையாளர், அமர்வுத் தலைவர், விருந்தினர். மூன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தினர் என்று போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

துறை அறையில் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். விமானம் சொன்னார்: "பாஸ்போர்ட்டுக்கா வர்றாங்க? அதை அங்கேயே தூதரகத்துல பண்ணலாமே சார். நான் அங்க இருந்தப்ப அங்கதான் பண்ணேன். தபால்ல அனுப்பினா தபால்லயே வந்துடும்."

அப்படியானால் எதற்கு வருகிறாள்?

பல் டாக்டராக இருக்கலாம். அங்கே பல்லுக்கு ரொம்ப ஆகுமாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அனாதைகளுக்கு வழி பிறந்தது. இரண்டு மாதமாக எங்கும் ஒட்டாத நாலு துண்டுகளை, ஒட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாகப் போட்டுவிட்டேன். அமர்வின் பெயர் 'பிற'. இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அவை அதே நாற்காலியில்.

வண்டி ஓட்டுநருக்கான அட்டவணையும் தயார். இருபத்தொன்றாம் தேதிக்கு நேரெதிரே எழுதியது: "பாஸ்போர்ட் அலுவலகம் – விருந்தினர் ஒருவர் – தேநீர் முடிந்ததும்." பதினொன்றுக்குத் தேநீர். முடிந்ததும் கிளம்பினால் இருபது நிமிடப் பயணம். ஐந்து நிமிடம் கையில் இருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பேட்ஜுகள் வந்தன. அவளுடையதில் பெயர், கீழே 'விருந்தினர்', அதற்கும் கீழே 'நிறுவனம்' என்ற வரி காலியாக.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வந்துவிட்டாள். அழைக்கப் போக முடியவில்லை. அரங்கில் மைக் சோதனை. வீட்டுக்கு வந்தபோது பெட்டி கூடத்தில் இருந்தது. அவள் நடுக்கூடத்தில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிக்கைக்கு வந்தவள் போல. அது தொழில் பழக்கமும்கூட: வங்கியில் முப்பது வருடம், அதில் கடைசிப் பத்து வருடம் தணிக்கைப் பிரிவு. முன்நெற்றி முடி நன்றாக நரைத்திருக்கிறது. போனில் தெரியவில்லை.

"என் பேரை அட்டையில எழுதிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு அந்த டிரைவர். மேல மாநாட்டுச் சின்னம். என் வீட்டுக்கு வர்றதுக்கு எனக்கே அட்டை!"

"அவருக்கு உன்னைத் தெரியாதே."

"அதைத்தான் சொல்றேன்."

சாப்பிட உட்காரப் போனவள் நாற்காலியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்ன?"

"எதோடயும் சேராதது."

"என் நாற்காலியில வச்சிருக்கீங்க."

"வேற இடம் இல்ல."

துண்டுகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கலையாமல் இடது கையால் பிடித்தபடியே சாப்பிட்டாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டு வைக்க மேசையில் ஒரு முழம் இடம் ஒதுக்கினோம். இரண்டு அமர்வுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

பல் நன்றாகத்தான் இருக்கிறது போல. முறுகலான ரொட்டி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் நாள். தொடக்க விழா நாற்பது நிமிடம் தாமதம். குத்துமதிப்பாக எல்லா மாநாடுகளும் அவ்வளவுதான் தாமதமாகும் என்பதால், சரியான நேரத்தில் தொடங்கியதாகவே கொள்ளலாம். விமானம் மதியம் இரண்டு மணிக்குப் பேசினார். எதிர்த்து ஒரு கேள்வியும் வரவில்லை.

நடந்ததை எழுத வேண்டுமானால் காலையிலிருந்து எழுத வேண்டும்.

காபியோடு வந்து உட்கார்ந்தபோது அவள் என் நிறைவுரையைப் படித்துக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்ததை எடுத்திருக்கிறாள். கையில் பென்சில். ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"நல்லா இருக்குங்க."

இந்தத் தொனி எனக்குத் தெரியும். கிளை மேலாளர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும்.

"ஆனா?"

"கூப்பிட்டா வருவாங்க, கூப்பிட்டா வருவாங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கீங்க. யாரு கூப்பிடணும்னு ஒரு எடத்துலயும் இல்லையே."

"இருக்கே. தலைமை அலுவலகம்."

"அலுவலகம் எப்படிங்க கூப்பிடும்? அதுக்கு வாய் இருக்கா?"

"அது ஒரு கருத்தாக்கம்."

"ஓ" என்றாள். பென்சிலைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள்:

"குழந்தை பகல்ல காப்பகத்துக்குப் போக ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. துணி மடிக்கிறேன். சாயந்திரம் வரைக்கும் மடிச்ச துணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சில நாள் பிரிச்சு மறுபடி மடிப்பேன்."

எட்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் பேசியிருக்கிறோம். சாப்பிட்டீங்களா, ஆச்சு, அப்புறம்.

"அப்ப ஏன் நீ—"

"ஏன் வரலைன்னா? அழையா விருந்தாளியா என் வீட்டுக்கே வரச் சொல்றீங்களா? போன வருஷம் கேட்டேனே, நான் எப்ப வரட்டும்னு. ஞாபகம் இருக்கா, என்ன சொன்னீங்கன்னு?"

இருக்கிறது. 'உன் வசதிப்படி.'

அப்போது போன் அடித்தது. துறைத் தலைவி. அரங்கில் புரொஜெக்டர் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டுகிறது, உடனே வர வேண்டும்.

"போங்க. கான்ஃபரன்ஸ் நிக்குது."

போனேன். ஏன் போனேன்? பச்சை நிறத்தை நான் போய் என்ன செய்துவிடப் போகிறேன்? ஒரு சொல், அதைச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டிருக்கக் கூடாதா? நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டு எழுதினேனே, யாராவது ஒருத்தனாவது சொன்னானா, கூப்பிடறதுக்கு வாய் எப்படி வரும்னு?

மாலை வந்தபோது அவள் பயணக் களைப்பில் தூங்கிவிட்டாள். சாப்பாடு மூடி வைத்திருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர் நாற்காலியில் அனாதைகள் இல்லை. அடுக்கி, ரப்பர் போட்டு, புத்தக அலமாரியில் வைத்திருக்கிறாள். நாற்காலியில் ஒன்றுமே இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை அவளும் என்னோடு கிளம்பினாள். வீட்டிலிருந்து வாடகைக் காரில் நேராகப் பாஸ்போர்ட் அலுவலகம் போகிறேன் என்றாள். நம் வண்டி இருக்கும்போது எதற்கு என்று நான்தான் தடுத்தேன். அட்டவணையில் ஏற்றியாகிவிட்டதே. கழுத்தில் பேட்ஜை மாட்டி, பின்வரிசையில் உட்கார வைத்தேன்.

பதினொன்றுக்குத் தேநீர். என்னால் அவளிடம் போக முடியவில்லை. பொறுப்பாளன் என்றால் எல்லோருக்கும் கேட்க ஒன்று இருக்கும். ஒருவருக்குச் சான்றிதழில் பெயர் தப்பு. ஒருவருக்கு அறையில் வெந்நீர் வரவில்லை. பொருளாளர் என் முழங்கையைப் பிடித்து பிஸ்கட் தட்டைக் காட்டினார். காலி. "சொன்னேனா இல்லையா சார்?" என்றார். அந்தக் குரலில் வெற்றியைவிடத் துக்கம்தான் அதிகம்.

தலைகளுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். சுவரோரமாக, கையில் கோப்பையோடு, தீயணைப்புக் கருவியின் பக்கத்தில். படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனவர்கள் அவள் பேட்ஜைப் பார்த்தார்கள், நிறுவனம் காலி, தாண்டிப் போனார்கள். நானும் முப்பது வருடம் அப்படித்தான் பேட்ஜ் படித்திருக்கிறேன்.

இருபதாவது நிமிடத்தில் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. போய் நின்றேன்.

"தீயணைக்கிற கருவியை எப்படித் திறக்கறதுன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றாள். "பின்னை இழுக்கணும், குழாயைக் கீழ்நோக்கிப் பிடிக்கணும்."

"அழுத்திட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டணும்" என்றேன்.

சிரித்தாள். இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பைப் போனில் பார்த்ததில்லை. போனில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும்.

"டிரைவர்கிட்ட கிளம்பலாமான்னு ரெண்டு தடவை கேட்டேன். டீ முடிஞ்சதும்னுதான் ஷீட்ல இருக்குங்கறாரு. யாரு போட்ட ஷீட்டுன்னு நான் கேட்கலை."

"இப்ப முடிஞ்சிடும்."

"சரி."

"பாஸ்போர்ட் வந்ததும்..."

"ம்?"

"போகாதே."

கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"திரும்பி வந்துடு. இங்க. நான்தான் கூப்பிடறேன். அலுவலகம் இல்ல."

மூன்று புத்தகங்களில் இந்த வாக்கியம் இல்லை. இவ்வளவு சின்னதாக எதையும் நான் எழுதியதில்லை.

என் கையைப் பார்த்தாள். பிறகு, "இதை இங்கயா சொல்றது? இத்தனை பேர் நடுவுல, கையில பிஸ்கட்டோட" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கையில் பிஸ்கட் இருந்தது. எப்போது எடுத்தேன்?

"வேற எப்ப நேரம் கிடைச்சுது?"

"ரெண்டு வருஷம் இருந்துதே."

மணி அடித்தது. ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார். "மேடம், டீ முடிஞ்சுது. இப்ப கிளம்பலாம்." அவள் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் பிஸ்கட்டோடு அடுத்த அமர்வைத் தொடங்கி வைத்தேன். 'பிற'. மாநாட்டிலேயே அதிகக் கூட்டம் அதற்குத்தான். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாததால் எல்லோரும் கேள்வி கேட்டார்கள்.

ஒன்றரைக்கு அவள் திரும்பி வந்தாள். சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம் லேட். டோக்கன் ரத்து."

அட்டவணையில் நான் இடைவேளையைப் பழைய இருபது நிமிடமாகவே கணக்கிட்டிருந்தேன்.

"சொல்லிப் பார்த்தியா? வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கேன்னு?"

"இருபது வருஷம் நான் கவுன்ட்டர் மூடினவ. ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தவங்ககிட்ட நான் என்ன சொல்லியிருக்கேன்னு எனக்குத் தெரியாதா? பேசாம திரும்பிட்டேன்." தட்டை நீட்டினாள். "அடுத்த தேதி அக்டோபர் மூணுதான் கிடைச்சுது. இந்தப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு அதுவரைக்கும் ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க."

பிறகு பரிமாறுபவரிடம், "இவருக்குக் கொஞ்சம் குறைச்சே வைங்க" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நிறைவுரை. பதினொரு பேர். விமானம் முன்வரிசையில் தூங்கினார். அவள் மூன்றாவது வரிசையில். 'தலைமை அலுவலகம்' என்று வந்த இடத்தையெல்லாம் 'ஒருவர்' என்று மாற்றிப் படித்தேன். உரை நன்றாகச் சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று காலை அலமாரியின் இடது பாதியைக் காலி செய்யச் சொன்னாள். அது அவள் பாதி. அதில் பழைய மாநாட்டுப் பைகள் இருந்தன, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று, ஒவ்வொன்றிலும் எழுதாத பேனா. "இத்தனை பையை வச்சுக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்று கேட்டாள்.

பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து அடுக்கினாள். இரண்டு வாரத்துக்கு வந்தவள் அங்கே குளிருக்குப் போடும் கம்பளிகூடக் கொண்டுவந்திருக்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாலை ஆறே காலுக்கு அவள் திரும்பிப் போக வேண்டியிருந்த விமானம் கிளம்பியிருக்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சண்டை. எண்ணெய் டப்பாவை அடுப்புக்கு வலப்பக்கம் வைக்க வேண்டுமா இடப்பக்கமா என்பது பற்றி. இரண்டு வருடமாக இந்த வீட்டில் என்னோடு யாரும் உடன்படாமல் போனதில்லை. பழக்கம் விட்டுப்போய்விட்டது. தோற்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போன். இங்கிருந்து இரண்டு பேர், அங்கிருந்து இரண்டு பேர். மகள் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள்.

"அப்பா, கூப்பிட்டீங்களாமே?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லுவா? நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீயே கிளம்பிப் போம்மான்னு. 'அவர் கூப்பிடட்டும்'னு ஒரே பிடிவாதம். நீங்க என்னடான்னா வாயைத் திறக்க மாட்டீங்க. நடுவுல நான் என்ன தூதரகமா?"

"குழந்தை தேடறாளா?"

"தேடறா. அவளுக்கு இப்ப 'போன் பாட்டி'யும் வந்துட்டாங்க." பிறகு சொன்னாள்: "நீங்க ஒரு தடவை வாங்கப்பா. என் வீட்டை நீங்க பார்த்ததே இல்ல. உங்க வசதிப்படின்னெல்லாம் சொல்ல மாட்டேன். டிசம்பர்ல வாங்க. ரெண்டு பேரும் வாங்க, ரெண்டு பேரும் திரும்பிப் போங்க."

பெயர், தேதி எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாள். இவள் என் புத்தகத்தைப் படித்ததில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பாஸ்போர்ட் எங்கே என்று அவள் கேட்டாள். தேடியதில் ஒரு மாநாட்டுப் பையில் கிடைத்தது. பதினாறு வருடப் பழைய முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் கொஞ்சம் முடி இருக்கு" என்றாள்.

அக்டோபர் 3, வெள்ளி

குழு கூடியது. அடுத்த ஆண்டு தேநீர் இடைவேளை மறுபடி இருபது நிமிடம் என்று முடிவாகியிருப்பதாக விமானம் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் கூட்டத்தில் இல்லை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்தேன். பத்தரைக்கே போய்விட்டோம். டோக்கன் நாற்பத்தொன்று அவளுக்கு, நாற்பத்திரண்டு எனக்கு.